முதல் தடவை மட்டும் மெதுவாக ஓடும்

என் கையில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. யாருடைய கொம்பியூட்டரைத் திருத்தினாலும், திருப்பிக் கொடுக்கும் முன்பு நான் தொட்ட அடையாளம் ஒன்றுவிடாமல் அழித்துவிடுவேன். நான் திறந்து பார்த்த கோப்புகளின் பட்டியல், சோதித்துப் பார்த்த புரோகிராம்கள் உண்டாக்கிய ஃபோல்டர்கள், குப்பைத் தொட்டி எல்லாம் காலி. கடைசியில் விசைப்பலகையை ஒரு துணியால் துடைப்பேன். "சுத்தமான வேலைக்காரன்" என்று கண்டி டவுனில் எனக்கு நல்ல பேர் இருந்தது. அது சுத்தம் இல்லை, பயம். ஆனால் பயத்துக்கு யாரும் நல்ல பேர் தருவதில்லை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பயம் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தொடங்கியது. அப்போது எனக்கு எட்டு வயது. மஹய்யாவையில் இதே வீடுதான். டவுனில் கடைகள் எரிகின்றன என்று தெரிந்ததும் அப்பா வீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மாவின் நெற்றிப் பொட்டைத் தன் கையாலேயே அழித்தார். முருகன் படம் போட்ட கலண்டர் அடுப்புக்குள் போனது. அலுமாரித் தட்டுகளில் விரித்திருந்த தமிழ்ப் பத்திரிகைகளைக் கிழித்து எடுத்தார். வாசலில் கோலம் இருந்த இடத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கூட்டம் எங்கள் சந்துக்குள் வராமலேயே மேலே போய்விட்டது. ஏன் வரவில்லை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்பா துடைத்ததால்தான் என்று நான் நம்பிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு இருபது வருடங்களுக்கு மேல் கழித்து நடந்தது. போர் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலம். நான் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். வவுனியாவில் ஒரு கடையில் கொம்பியூட்டர் வேலை செய்துகொண்டிருந்த அவளுடைய தம்பி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு துணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். அவனுக்கு இருபத்து மூன்று வயது. அவனோடு வேலை செய்த இருவர் ஒரே வாரத்தில் காணாமல் போயிருந்தார்கள். யார் கொண்டுபோனது என்று கேட்கக்கூட அங்கே யாரும் தயாராக இல்லை.

"ரெண்டு நாளைக்குத்தான் அத்தான்," என்றான். "பிறகு கொழும்புக்குப் போய் பாஸ்போட் அலுவலைப் பார்ப்பன்."

அந்த நாட்களில் வீட்டில் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் யார், விருந்தாளி யார், எங்கிருந்து வந்தார், எந்தத் திகதியில் வந்தார் என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். இரண்டு நாளைக்காக வடக்குப் பெடியன் ஒருவனை நானே பொலிஸுக்குக் காட்டிக்கொடுப்பதா என்று யோசித்தேன். பதியாமல் விட்டேன். மூன்றாம் நாள், கொழும்பு லொட்ஜுகளில் சுற்றிவளைப்பு என்று செய்தி வந்தது. பயணம் நின்றது. அதன் பிறகு பதியப் போனால், இத்தனை நாள் ஏன் பதியவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். படிவத்தை எல்லாம் நிரப்பி, திகதிக்குரிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, அலுமாரிக்குள் வைத்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போவோம் என்றேன். ஒவ்வொரு நாளும் பதில் சொல்ல வேண்டிய நாள் ஒன்று கூடிக்கொண்டே போனது.

அந்த மூன்றாம் நாள்தான் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சந்தில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டுக் கதவுச் சீலையை விலக்கிப் பார்த்தேன். காக்கிக் காற்சட்டை, வெள்ளை பெனியன், கையில் ஒரு ஊன்றுகோல். ஆட்டோக்காரர் கொம்பியூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விளங்கிவிட்டது. தம்பியை உள் அறைக்குத் தள்ளினாள். வாசற்படியில் கிடந்த அவன் செருப்பை எடுத்தாள். மேசையில் இருந்த மூன்றாவது கோப்பையையும், கொடியில் காய்ந்த அவன் துவாயையும் எடுத்துக்கொண்டு போனாள். சார்ஜன்ட் நாலு படி ஏறி முடிப்பதற்குள் வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"வாங்க சார், உக்காருங்க," என்றேன். நாங்கள் பேசியது எல்லாம் சிங்களத்தில். ஞாபகத்தில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கேம் ஒண்ணு," என்றார் அவர். "கார் ஓட்டுற கேம். தொடங்குறப்போ அசையவே மாட்டேங்குது. படம் நின்னு நின்னு வருது. கார் மதில்ல போய் மோதுனதுக்குப் பொறகுதான் வளைவே தெரியுது."

அவர் முன்பு வடக்கில் ஜீப் ஓட்டியவர். கண்ணிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. இப்போது மேசை வேலை. "நெசமான வண்டிய இனி ஓட்டுறதில்ல, இதையாவது ஓட்டுவோம்னு வாங்குனேன்," என்றார். குரலில் கசப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மேசை வேலை எங்கே என்று கேட்டேன். ஸ்டேஷனில் வீட்டுப் பதிவுப் படிவங்களை வாங்கி வைக்கிற மேசை என்றார்.

உள் அறைச் சீலைக்கு அந்தப் பக்கம் மைத்துனன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது, எனக்குக் கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு மட்டுமா, காதுக்கும் எல்லாம் பேய்தான்.

அவர் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். நான் அந்தத் தொழிலில் தெரிந்ததை எல்லாம் செய்தேன். பெட்டியைக் கழற்றித் தூசியை ஊதினேன். நினைவகத் தகட்டின் தங்கப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தேன். கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். கார்டை இயக்கும் மென்பொருளை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கேமைத் தொடங்கினேன். திரையில் ஒரு நீளக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போனது. ஓடத் தொடங்கிய பிறகும் முதல் பந்தயம் திக்கித் திக்கித்தான் நடந்தது. இரண்டாம் தடவை தொடங்கினேன், குதிரை மாதிரி ஓடியது. சரி, எண்ணெயும் அழிப்பானும் வேலை செய்துவிட்டன என்று சந்தோஷப்பட்டேன். பிறகு என் வழக்கப்படி, நான் ஓட்டிய கேம் உண்டாக்கிய ஃபோல்டர் உட்பட எல்லாவற்றையும் அழித்து, துடைத்து, புதன்கிழமை கொடுத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை அவர் மறுபடி வந்துவிட்டார்.

"அதே கதைதான்," என்றார். இந்தத் தடவை போகவில்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டார். "முன்னாலயே செஞ்சு காட்டு. நானும் பார்க்கணும்."

ஒன்றரை மணி நேரம் இருந்தார். உள் அறையில் மைத்துனன் கட்டிலில் கால் தூக்கி உட்கார்ந்திருந்தான். கால் தரையில் பட்டால் பலகை கிறீச்சிடும். மனைவி அடுப்படியில் தேவையில்லாமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், ஏதாவது சத்தம் கேட்டபடி இருக்கட்டும் என்று. நான் கேமைத் தொடங்கினேன். நீளக் கோடு ஊர்ந்தது. கால் மணி நேரம் ஆகியும் பாதி வரவில்லை. இந்த மனிதர் எழுந்து போக வேண்டும், அதற்கு இந்தக் கோடு முடிய வேண்டும். என் வாழ்க்கையில் ஒரு கோட்டை அவ்வளவு வெறுத்ததில்லை.

"பார்த்தியா, நின்னு போச்சு," என்றார். "வீட்டுலயும் இப்பிடித்தான். இந்த நேரத்துல நான் பட்டன அமுக்கி நிப்பாட்டிடுவேன்." சொன்னதோடு குனிந்து, பெட்டியின் பட்டனை அமுக்கி நிறுத்தியும் விட்டார்.

பெட்டியை மறுபடி விட்டுவிட்டுப் போகும்போது வாசற்படியில் சற்று நின்று கீழே பார்த்தார். எதைப் பார்த்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அவர் ஆட்டோ போன சத்தம் அடங்கிய பிறகு மைத்துனன் வெளியே வந்தான். முகம் வெளிறியிருந்தது, ஆனால் கண் மட்டும் கொம்பியூட்டர் மேல் இருந்தது.

"அத்தான், கேமில பிழை இல்லை," என்றான். "கட்டிலில இருந்தபடியே சீலை இடுக்கால பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"சீலையால எட்டிப் பார்த்தியா? ஒனக்கு என்ன பைத்தியமா?"

"முதல் தரம் தொடங்கேக்க அது வெளிச்சம், நிழல் எல்லாத்தையும் இந்தக் கார்டுக்கு ஏத்த மாதிரி செய்து ஒரு ஃபோல்டருக்குள்ள வைக்குது. அக்கா மிளகாய்த்தூள் இடிச்சு டின்னில போட்டு வைக்கிற மாதிரி. பிறகு எடுத்துப் போட்டால் சரி. முதல் தரம் மட்டும்தான் சுணங்கும். அவர் பாதியில நிப்பாட்டிறார். நீங்கள் முழுக்கச் செய்து முடிச்சுப்போட்டு, குடுக்க முதல் டின்னையே தூக்கி எறியிறியள்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது. என் பயம்தான் பிழை. துடைத்துத் துடைத்து ஒவ்வொரு தடவையும் அந்த இயந்திரத்தை முதல் தடவைக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். அதனால் பொலிஸை என் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வரவழைத்தவனும் நான்.

"சரி, இந்தத் தடவை எதையும் அழிக்கல," என்றேன். "நீயே முழுக்க ஓடவிட்டு, நல்லா ஓடுதான்னு பார்த்து வை. நான் பார்ட்ஸ் ஒண்ணு வாங்கணும், டவுனுக்குப் போயிட்டு வாறேன்."

நான் திரும்பி வந்தபோது அவன் விசைப்பலகை மேல் குனிந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தான். வந்த நாளில் இருந்து அவன் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். கேம் பட்டென்று தொடங்கியது, வழுக்கிக்கொண்டு ஓடியது. எதையும் அழிக்காமல், கை பரபரத்ததை அடக்கிக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்டோக்காரரிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்பினேன். விசைப்பலகையைக்கூடத் துடைக்கவில்லை. அப்பாடா, இனி அவர் வர மாட்டார் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் சோறு சாப்பிடும்போது மைத்துனன் சொன்னான்: "அந்த மனுசன் என்ன செய்தாலும் என்ர நேரத்தைப் பிடிக்க மாட்டார்."

"என்ன நேரம்?"

"பந்தயம் முடியேக்க பேரைக் கேட்டது. அடிச்சனான். முதலாவதா நிக்குது."

"என்ன பேரு?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். தன் சொந்தப் பெயரை அடித்திருந்தான். அப்பா அம்மா வைத்த, எந்தச் சிங்களவர் பார்த்தாலும் யாழ்ப்பாணம் என்று சொல்லிவிடக்கூடிய முழுப் பெயர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவன் விரலால் கெட்டான். நான் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தைகள் இல்லை. இருபத்து மூன்று வயதில் ஒருத்தன் ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்தால் பெயரை எழுதத்தான் செய்வான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

"அவனில பாயாதேங்கோ," என்றாள் மனைவி. "படிவத்தைக் கொண்டுபோய்க் குடுத்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. பத்து நாளா நாளைக்கு நாளைக்கு எண்டு சொன்னது ஆர்?"

அந்த வாரம் எப்படிப் போனது என்று எழுதுவது கஷ்டம். பதியப் போகலாம் என்றால் அந்த மேசையில் இருப்பவரே அவர்தான், அந்தப் பெயரை ஏற்கெனவே திரையில் பார்த்தவர். கொழும்புக்கு அனுப்பலாம் என்றால் வழியில் எத்தனை சோதனைச் சாவடி, பதிவில்லாத வடக்குப் பெடியனை எந்தச் சாவடி விடும். வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்றால் வீட்டை அவருக்குத் தெரியும். சந்துக்குள் எந்த ஆட்டோ திரும்பினாலும் கதவுச் சீலைக்குப் பின்னால் போய் நின்றேன். மாத்தளை ரயில் போகும்போது வீடு லேசாக அதிரும். பிறந்ததில் இருந்து கேட்ட சத்தம், அந்த வாரம் அதற்கும் திடுக்கிட்டேன். மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்து வரக் கால் மணி நேரம் பிந்தினால், அவளைப் பிடித்துக் கேட்கிறார்களோ என்று வாசலில் போய் நின்றேன். மைத்துனன் பேச்சையே நிறுத்திவிட்டான். கூப்பிட்டால் மட்டும், "ஓம் அத்தான்," என்பான்.

மைத்துனன் பெயரை அடித்த ஒன்பதாம் நாள், சனிக்கிழமையும் இல்லாமல் ஞாயிறும் இல்லாமல் ஒரு திங்கட்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறையில், அவர் வந்தார். நாங்கள் மூன்று பேரும் முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மைத்துனன் உள்ளே ஓடினான். மனைவி செருப்பை எடுத்தாள். கோப்பையை எடுக்க நேரம் இருக்கவில்லை. மூன்று கோப்பை, மூன்றிலும் ஆவி.

சார்ஜன்ட் கோப்பைகளைப் பார்த்தார். ஆட்டோக்காரரிடம் பெட்டியை மேசையில் வைக்கச் சொல்லி, அவரைச் சந்து முனையில் போய் நிற்கச் சொன்னார். தானே வயர்களைப் பொருத்தினார். கேம் சட்டென்று தொடங்கியது.

"இப்ப நல்லா ஓடுது," என்றார். "நான் அதுக்கு வரல்ல."

பந்தய நேரங்களின் பட்டியலைத் திறந்தார். பெயர், நேரம், திகதி. இரண்டாவதில் இருந்து கடைசி வரை எல்லாம் அவர் பெயர். முதலாவதில் மைத்துனனின் பெயர்.

"யார் இது?"

"நான்தான் சார்," என்றேன். "சும்மா ஒரு பேரப் போட்டு டெஸ்ட் பண்ணினேன்."

"அப்பிடியா?" விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். "ஓட்டு."

ஓட்டினேன். அதை ஓட்டம் என்று சொல்லக்கூடாது. முதல் வளைவை எப்படியோ கடந்தேன், இரண்டாவதில் மதிலில் மோதி, திரும்பி, வந்த வழியே கொஞ்சத் தூரம் போனேன். வேறொரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

"ரெண்டாவது வளைவுல முட்டுற ஆளு இந்த நேரத்த எடுக்க ஏலாது," என்றார் அவர், மெதுவாக. "நான் ஜீப் ஓட்டுனவன். ஒரு வாரமா முயற்சி பண்றேன், என்னாலயே ஏலல்ல."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தேன். சீலை விலகியது. மைத்துனன் தானாகவே வெளியே வந்து நின்றான். பின்னால் மனைவி அவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்தபடி வந்தாள். அவளுக்கு அழுகை வந்திருந்தது, சத்தம் வரவில்லை.

சார்ஜன்ட் கையை நீட்டினார். மைத்துனன் அடையாள அட்டையைக் கொடுத்தான். முன்பக்கம், பின்பக்கம், பிறந்த இடம் எல்லாம் நிதானமாகப் படித்தார்.

"எப்ப வந்தான்?"

"நேத்து சார்," என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை, அவனைப் பார்த்துத்தான் கேட்டார். என் வாய் முந்திவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் திரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த திகதி என் கண்ணில் பட்டது.

அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வந்தவன்," என்றார், "ஒன்பது நாளைக்கு முந்தி எப்பிடி ஓட்டுனான்?"

அந்த நேரத்தில் எனக்கு இருந்ததைப் பயம் என்று சொன்னால் போதாது. பயத்தில் ஓடவாவது தோன்றும். எனக்கு உட்காரத்தான் தோன்றியது, தரையிலேயே. இவனைக் கொண்டுபோவார்கள், பொய் சொன்னதற்கு என்னையும் கொண்டுபோவார்கள், இவள் தனியாக ஒவ்வொரு ஸ்டேஷனாக ஏறி இறங்குவாள் என்று வரிசையாகத் தெரிந்தது. மாத்தளை ரயில் போனது.

"மூணாவது வளைவ எப்பிடி எடுத்தான்னு கேளு," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் திருப்பிச் சொன்னார். மைத்துனனுக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. நான் தமிழில் கேட்டேன்.

"பிரேக் பிடிக்கிறேல்லை," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "வளைவு தெரிய முதலே அக்ஸிலரேட்டரில இருந்து காலை எடுக்கோணும். எடுத்திட்டு அது தானா திரும்பும்வரைக்கும் பொறுக்கோணும்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "காலை எடுக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விசைப்பலகையை இழுத்து ஒரு தடவை ஓட்டினார். மூன்றாவது வளைவை இடிக்காமல் எடுத்தார். ஆனாலும் இரண்டாவதாகத்தான் வந்தார்.

"படிவம் எங்க?"

அலுமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பெயர், ஊர், உறவு எல்லாம் எழுதி, மடிப்பு நைந்து, ஓரம் சுருண்ட தாள். திகதி மட்டும் இல்லை. அந்தத் தாள் எத்தனை நாளாக அலுமாரியில் கிடக்கிறது என்று ஒரு குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அவர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, தன் கையாலேயே முந்தின நாள் திகதியை எழுதினார்.

"நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வா. எட்டு மணிக்கு. நான் இருக்கும்போது வா, வேற ஆள் இருக்கும்போது வராத." பிறகு திரையைக் காட்டினார். "இப்ப இத அழி."

நான் எத்தனையோ பேருடைய கொம்பியூட்டரில் எத்தனையோ அழித்தவன். அன்றைக்குக் கை ஓடவில்லை. ஃபோல்டரைத் திறந்தேன். எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று தெரியவில்லை. மைத்துனனைப் பார்த்தேன்.

"தனிய அதை மட்டும் எடுக்க ஏலாது அத்தான். எல்லாம் ஒண்டாத்தான் கிடக்குது."

"சார்," என்றேன், "அழிச்சா ஒங்க நேரங்களும் எல்லாம் போயிரும். கேமும் பழையபடி மெதுவாத்தான் தொடங்கும். படம் நின்னு நின்னு வரும்."

அவர் தன் பெயர் வரிசையாக நின்ற பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு வார முயற்சி அது.

"மொதத் தடவைதானே," என்றார். "இந்தத் தடவை பட்டன அமுக்காம பொறுத்து இருக்கேன்."

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். என் மைத்துனன் எங்கள் வீட்டில் இருந்த நாட்களுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதை அழித்ததால்தான் அவன் தப்பினான். இதை நினைத்து எத்தனை தரம் நிம்மதிப்பட்டிருக்கிறேனோ, அத்தனை தரம் எரிச்சலும் பட்டிருக்கிறேன். அவர் நல்ல மனிதர், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி வேறொரு சார்ஜன்டின் பெட்டியாக இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு குளிர்ந்துவிடுகிறது. ஒரு வீட்டின் உயிர் ஒரு மனிதரின் அன்றைய மனநிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. நன்றி சொல்லும்போதே அதுவும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது.

அவர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து வாசற்படி வரை போனார். அங்கே நின்று, போன தடவை பார்த்தது போலவே கீழே பார்த்தார்.

"செருப்ப வெளியில போடச் சொல்லு," என்றார். "மொத நாள் வந்தப்போ இந்தப் படியில மூணு சோடி செருப்போட தடம் ஈரமா இருந்துச்சு. செருப்பு ரெண்டு சோடிதான் இருந்துச்சு. அந்த மாதிரி வீட்டுக்குள்ளதான் நாங்க மொதல்ல பூந்து பார்ப்போம்."

ஆட்டோ போனது. மனைவி உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்த தம்பியின் செருப்பைக் கொண்டுவந்து, எங்கள் இரண்டு சோடிக்கும் பக்கத்தில் படியில் வைத்தாள். மைத்துனன் கதிரையில் உட்கார்ந்து ஆறிப்போன தன் தேத்தண்ணியைக் குடித்தான். நான் வாசலில் நின்றேன். சந்து முனையில் இன்னொரு ஆட்டோ திரும்புகிற சத்தம் கேட்டது. அது யாரோ பக்கத்து வீட்டுக்காரர்.

எப்போது குனிந்தேன் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் அவன் செருப்பு என் கையில் இருந்தது, நான் வீட்டுக்குள் பாதி வந்திருந்தேன். மனைவி என் விரல்களைப் பிரித்து அதை வாங்கி, மறுபடி கொண்டுபோய்ப் படியில் வைத்தாள்.